துருப்பிடித்த கம்பியை கெமிக்கல் போட்டு நடலாமா?

கேள்வி: பழைய வீட்டின் பீமில் துளை போட்டு, கெமிக்கல் (கம்பியைக் கான்கிரீட்டோடு ஒட்டும் பசை) ஊற்றி, 12 மி.மீ. கம்பி 14 நடப்போகிறோம். புது ஸ்லாபுக்காக. 16 மி.மீ. துளை, 150 மி.மீ. ஆழம் என்று இன்ஜினீயர் எழுதிக் கொடுத்திருக்கிறார். கம்பிகள் மழையில் கிடந்து துருவேறிவிட்டன. சிமென்ட் பால் பூசி நட்டால் போதும் என்கிறார் கான்ட்ராக்டர். கெமிக்கல் 4 குப்பி வாங்கச் சொல்கிறார். சரியா? (ஒரு வாசகி, திருவள்ளூர்)

பதில்: சிமென்ட் பால் வேண்டவே வேண்டாம், அம்மா. கெமிக்கல் பிடிக்க வேண்டியது இரும்பை. நடுவில் சிமென்ட் படலம் இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளும். இழுவை வரும்போது படலத்தோடு உரிந்து வரும். பிரைமர், பெயின்டுக்கும் இதே கதிதான்.

துருவைக் கண்டு பயப்பட வேண்டாம். உதிர்கிற துருதான் கெடுதல். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 சொல்வதும் அதுதான்: உதிரும் துரு, எண்ணெய், மண், பெயின்ட் எதுவும் கம்பியில் இருக்கக் கூடாது. துளைக்குள் போகும் பகுதியைக் கம்பி பிரஷ்ஷால் நன்றாகத் தேய்க்கச் சொல்லுங்கள். வெள்ளைத் துணியால் துடைத்தால் பொடி ஒட்டக் கூடாது. ஷட்டரிங் எண்ணெய் (கான்கிரீட் ஒட்டாமலிருக்க அச்சுப் பலகையில் பூசுவது) பட்டிருந்தால் அசிட்டோனால் துடைத்துக் காயவிட வேண்டும். கம்பி மெலிந்து குழி விழுந்திருந்தால் மட்டும் ஒதுக்கிவிட்டு, இன்ஜினீயரிடம் காட்டுங்கள்.

நீங்கள் கேட்காததைத்தான் நான் அழுத்திச் சொல்ல வேண்டும்: துளையின் தூசி. டிரில் போட்டதும் உள்சுவர் முழுக்க மாவு போல கான்கிரீட் தூள் அப்பியிருக்கும். அதன் மேல் கெமிக்கல் போட்டால் தூளோடுதான் ஒட்டும். வாயால் ஊதுவது எந்தக் கணக்கிலும் சேராது, எச்சில் ஈரம்தான் மிச்சம். கம்ப்ரசர் குழாயை அடிவரை விட்டு ஊத வேண்டும். துளைக்குள் இறுக்கமாகப் போகும் உருண்டை கம்பி பிரஷ்ஷை விட்டுச் சுழற்ற வேண்டும். மறுபடி ஊத வேண்டும். பல கம்பெனிகளின் கையேட்டில் இருமுறை ஊது, இருமுறை தேய், இருமுறை ஊது என்றிருக்கும். உங்கள் குப்பியோடு வரும் தாளில் உள்ளபடி செய்யச் சொல்லி, பக்கத்திலேயே நில்லுங்கள். தேய்த்து வெளியே எடுக்கும் பிரஷ் துளைக்குள் லேசாகப் போய்வந்தால் அது தேய்ந்த பிரஷ், மாற்றச் சொல்லுங்கள்.

இனி 4 குப்பி. கம்பியைச் சுற்றியுள்ள இடைவெளியைக் கணக்கிட்டால் ஒரு துளைக்குச் சுமார் 13 மி.லி.; 14 துளைக்கு 190 மி.லி.க்குள். சேதாரம் சேர்த்தாலும் 500 மி.லி. குப்பி ஒன்று தாராளம். மிச்சப் பணத்தில் சரியான அளவு பிரஷ்ஷும் கூடுதலாக இரண்டு நாசிலும் (குப்பியின் முனையில் மாட்டும், கெமிக்கலைக் கலந்து வெளியே விடும் குழாய்) வாங்குங்கள். இடையில் வேலை நின்றால் நாசிலுக்குள்ளேயே கெமிக்கல் இறுகிவிடும். அதனால் 14 துளையையும் முதலில் சுத்தம் செய்து, துணி அடைத்து வைத்துக்கொண்டு பிறகு தொடங்கட்டும்.

குப்பியில் காலாவதி தேதி பாருங்கள்; வெயிலில் கிடந்த சரக்கை வாங்காதீர்கள். நாசிலில் முதலில் வருவது சரியாகக் கலந்திருக்காது, நிறம் ஒன்றாகும்வரை வெளியே பிதுக்கிவிட வேண்டும். அடியிலிருந்து நிரப்பி, கம்பியைத் திருகியபடி இறக்க வேண்டும். அதன்பின் தாளில் போட்டிருக்கும் நேரம் முடியும்வரை அதில் யாரும் கை வைக்கக் கூடாது.

கான்ட்ராக்டரிடம் துளைக்கு இவ்வளவு என்று ரேட் பேசும்போதே, சுத்தம் செய்வதும் அதில் அடக்கம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.