கக்கூஸுக்கு ஒரு வினைச்சொல்

கேள்வி: நெதர்லாந்தில் வேலை பார்க்கும் என் மகன் டச்சு வகுப்புக்குப் போகிறான். நம்ம 'கக்கூஸ்' டச்சுச் சொல், அதற்கு ஒரு வினைச்சொல்கூட உண்டு என்று போனில் சொல்லிச் சிரிக்கிறான். மாமியாரோ 'கக்கு' என்பதிலிருந்து வந்த தமிழ்தான் என்கிறார். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, வெளிப்பாளையம், நாகப்பட்டினம்

பதில்: மகன் சொல்வதுதான் சரி. மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். கக்குவது வாய் வழியாக, இது வேறு வழி.

டச்சில் 'கக்' என்றால் மலம். வீட்டுக்கு இன்று 'ஹெய்ஸ்' என்பதுபோல் சொல்கிறார்கள், பழைய உச்சரிப்பு 'ஹூஸ்'. இரண்டும் சேர்ந்ததுதான் நம் கக்கூஸ். உலாந்தாக்காரர்கள், அதாவது டச்சுக்காரர்கள், 1658ல் போர்த்துக்கீசியரிடமிருந்து உங்கள் ஊரைப் பிடித்து, 1781ல் ஆங்கிலேயரிடம் பறிகொடுக்கும்வரை இருந்தார்கள். அவர்கள் ஆண்ட இந்தோனேசியாவிலும் 'ககுஸ்'தான், சிங்களத்தில் 'கக்குஸ்ஸிய'. நம் பக்கம் கொல்லைக்கோடியில், கிணற்றையும் வாழையையும் தாண்டி, செம்பும் கையுமாகப் போன அந்த அறைக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

வினைச்சொல் 'கக்கன்'. லத்தீனின் 'ககாரே'வோடு உறவு, அடியில் குழந்தைப் பேச்சாக இருக்கலாம் என்கிறார்கள் (நம் வீட்டுக் 'கக்கா'வை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் உறவு கொண்டாட வேண்டாம்). நான் என்றால் 'இக் கக்', நீ என்றால் 'யெய் கக்ட்', நாங்கள் என்றால் 'வெய் கக்கன்'. கேள்வியாகத் திருப்பி 'நீ'யைப் பின்னால் போட்டால் அந்த ட் விழுந்துவிடும், 'கக் யெய்?' என்றாகும். இறந்தகாலம் 'கக்டெ': வினையடி க், ப், ஸ் போல அதிராத ஒலியில் முடிந்தால் 'பட்டு'வில் வரும் ட, மற்றதற்கு 'படம்' என்பதில் வரும் மெல்லிய ட. நாம் படித்தான், நடந்தான், உண்டான் என்று மாற்றுவதைப் பார்த்தால் இது சுலபம். முடிந்துபோனதைச் சொல்ல முன்னால் 'ஹெ' சேர்த்து 'ஹெகக்ட்'. அந்த ஹ தொண்டையைச் செருமுவது போல வரும், ஒரு வாரம் பழகினால் சரியாகிவிடும்.

எனக்குப் பிடித்தது இதன் பிள்ளைகள்தான். 'இன்கக்கன்' என்றால் சோர்ந்து கண் சொக்குவது, மதியம் சாப்பாடு முடிந்து திண்ணையில் சாய்ந்ததும் நமக்கு வருமே, அது. முடிந்துபோனதைச் சொல்லும்போது 'ஹெ' நடுவில் நுழைந்து 'இன்ஹெகக்ட்' ஆகும். 'பெகக்ட்' என்றால் பெரிய மனுஷத் தோரணையில் அலட்டிப் பேசுவது. அதில் 'பெ' இருப்பதால் 'ஹெ'க்கு இடமில்லை.

ஒரு எச்சரிக்கை: அங்கே யார் வீட்டுக்காவது போனால் மகன் 'டொய்லெட்' என்றே கேட்கட்டும். பழைய சொல் இப்போது அங்கேயும் கொச்சை.