34 சதவீதம் என்று திரும்பி வந்த ப்ராஜெக்ட்

கடலூரிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: எம்.காம். படிக்கும் மகளின் ப்ராஜெக்டை, காப்பியைக் கண்டுபிடிக்கும் மென்பொருளில் போட்டுப் பார்த்ததில் ஏற்கெனவே மற்றவர்கள் எழுதியவற்றோடு 34 சதவீதம் ஒத்துப்போகிறதாம். கல்லூரியில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். படிப்பு வீணாகிவிடுமா?

ஆகாது அம்மா. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-இல் கொண்டுவந்த விதிப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை என்றால் திருத்திக் கொடுக்க வேண்டும். அதற்கான கெடு 6 மாதத்துக்குள் இருக்கும். 40-ஐத் தாண்டினால் ஓராண்டுக்குக் கொடுக்கவே முடியாது, 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. உங்கள் மகள் திருத்தும் நிலையில்தான் இருக்கிறார். கல்லூரி எத்தனை நாள் தருகிறது என்பதை முதலில் எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

34-உம் காப்பி என்று அர்த்தமில்லை. மூலத்தைச் சொல்லி எடுத்தாண்ட மேற்கோள், பின்னால் வரும் நூற்பட்டியல், நன்றியுரை, சட்டப் பிரிவுகள் இவையெல்லாம் கணக்கில் வரக் கூடாது. அவற்றை விலக்கிவிட்டுத்தான் பார்த்தார்களா என்று ப்ராஜெக்டுக்கு வழிகாட்டும் ஆசிரியரான கைடிடம் பணிவாகக் கேட்கலாம். ஆனால் இதையே பிடித்துக்கொண்டு வாதாட வேண்டாம். நீங்கள் அனுப்பிய பக்கங்களைப் படித்தேன். காப்பி இருக்கத்தான் செய்கிறது.

பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்களைப் பற்றிய ஆய்வு. அருமையான தலைப்பு. ஆனால் இரண்டாம் அத்தியாயம் முழுக்க "முந்திரித் தொழில் நாட்டின் பொருளாதாரத்தில் முக்கியப் பங்கு வகிக்கிறது" என்கிற மாதிரியே போகிறது. உங்கள் மகளே நேரில் போய் எழுதிவந்த குறிப்புகளோ பின்னிணைப்பில் கிடக்கின்றன: முந்திரிக் கொட்டையின் ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் பட்டு விரல் வெந்துபோகாமலிருக்கச் சாம்பலைத் தொட்டுக்கொள்வது, கிலோ கணக்கில் கூலி, பருப்பு உடைந்தால் விலை குறையும் என்பதால் வரும் ஏச்சு. இதையெல்லாம் வேறு எங்கிருந்து காப்பியடிக்க முடியும்? இவைதான் முன்னால் வர வேண்டும்.

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். நூலில் இருப்பது: "முந்திரி பதப்படுத்தும் தொழில் பெருமளவில் பெண் தொழிலாளர்களைச் சார்ந்துள்ளது." இதை "முந்திரி பதனிடும் துறை பெரும்பாலும் மகளிர் உழைப்பை நம்பியுள்ளது" என்று மாற்றுவது சட்டையை மட்டும் மாற்றுவதுதான். மென்பொருள் விட்டாலும் படிக்கிற ஆசிரியர் விடமாட்டார். அதைவிட இப்படி எழுதலாம்: "நான் போன கூடத்தில் கொட்டை உடைப்பவர்கள் எல்லோரும் பெண்கள்; மூட்டை தூக்குபவர்கள் மட்டும் ஆண்கள். மற்ற ஊர்களிலும் இதே நிலைதான் என்கிறார் இன்னார், இந்த ஆண்டில் எழுதிய கட்டுரையில்." சொல்லும் விதம் அவருடையது, கருத்து யாருடையது என்பதும் தெரிந்துவிட்டது. சொந்த நடையில் எழுதிவிட்டால் மூலத்தைச் சொல்ல வேண்டாம் என்று பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். சொல்லியே ஆக வேண்டும்.

ஆங்கிலத்தில் எழுத வேண்டுமே என்கிற பயம்தான் பாதிக் காப்பிக்குக் காரணம். இதில் நீங்களே உதவலாம். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், புத்தகத்தையும் போனையும் மூடி வைத்துவிட்டு, "இந்தப் பக்கத்தில் என்னதான் சொல்லியிருக்கிறது?" என்று கேளுங்கள். அவர் தமிழில் சொல்லட்டும். புரியவில்லை என்றால் மறுபடி கேளுங்கள். நீங்கள் காமர்ஸ் படிக்காதவர் என்பது இங்கே வசதிதான். சொன்னதை உடனே எழுதிவைத்து, பிறகு சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக்கினால் போதும். இலக்கணத்தைக் கைடு திருத்துவார்.

பணம் கொடுத்தால் சதவீதத்தைக் குறைத்துத் தருகிறோம் என்பவர்களிடமும், ஒரே தட்டலில் வாக்கியத்தைத் திருப்பித் தரும் செயலிகளிடமும் போகவே வேண்டாம். புதிதாக வேலை தேடுபவர்களிடம் நேர்காணலில் ப்ராஜெக்டைப் பற்றித்தான் தோண்டுவார்கள். ஆடிட்டர் அலுவலகமோ வங்கியோ, "கூலியை எப்படிக் கணக்கிட்டீர்கள்?" என்று கேட்டால் செயலி வந்து பதில் சொல்லாது.

திருத்தியதைக் கொடுப்பதற்கு முன் கல்லூரியிலேயே இன்னொரு முறை சோதித்துத் தருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாய்மொழித் தேர்வுக்குப் போகும்போது பண்ருட்டியில் எழுதிய அந்தக் குறிப்பு நோட்டையும் கையோடு எடுத்துப்போகச் சொல்லுங்கள்.