தரையைக் கொத்தாதீர்கள்

அன்புள்ள ஐயா,

உடுமலைக்குப் பக்கத்தில் 1986இல் அப்பா கட்டிய வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார். நான் திருப்பூரில் வேலையில் இருக்கிறேன். தை மாதத்துக்குள் வீட்டைப் புதுப்பித்துக் குடும்பத்தோடு அங்கேயே போய்விடலாம் என்று எண்ணம். கட்டடம் உறுதியாக இருக்கிறது. ஆனால் பார்வைக்கு எண்பதுகளிலேயே நின்றுவிட்ட வீடு: பச்சை மொசைக் தரை, சன்மைக்கா ஒட்டிய ஷோகேஸ், இளஞ்சிவப்புச் சுவர். உள் அலங்காரம் செய்பவர் ஒரு திட்டம் கொடுத்திருக்கிறார். ஹாலுக்கு ஆத்தங்குடிக் கல், நடுவில் இரண்டு காரைக்குடித் தூண்கள், ஃபால்ஸ் சீலிங், மற்ற அறைகளில் மொசைக்கின் மேலேயே டைல்ஸ், குளியலறைக்கு டெராசோ டைல்ஸ். இப்போது செய்வது இருபது வருடத்தில் மறுபடியும் பழசாகக் கூடாது. எங்கள் வீடு என்று பார்த்தவுடன் தெரியவும் வேண்டும். சுவருக்கு என்ன நிறம் அடிப்பது, எதை வைத்துக்கொள்வது, எதை எடுப்பது? அம்மா எதையும் தொட விடமாட்டேன் என்கிறார். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்.

ஒரு வாசகி, திருப்பூர்

அன்புள்ள அம்மிணி,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில் எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு டைல்ஸ் காலடியில் ஆடியது. கரண்டியால் நெம்பினேன், முழுதாகப் பெயர்ந்து வந்துவிட்டது. அடியில் இருந்ததைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மேசைக்குத் திரும்பியபோது உங்கள் கடிதம் காத்திருந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

சுவருக்கு வெள்ளை அடியுங்கள். நிறத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஷோகேஸின் கண்ணாடிக் கதவுகளைக் கழற்றினால் புத்தக அலமாரி கிடைத்துவிடும். உள்ளே முப்பது வருடமாகக் கவிழ்த்து வைத்திருக்கும் கண்ணாடிக் கோப்பைகளை எடுத்து மோர் குடியுங்கள். ஃபால்ஸ் சீலிங் வேண்டவே வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றை நம்பி உங்கள் ஊரைச் சுற்றிக் காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். அந்த ஊரில் கூரையைத் தாழ்த்தி, ஜன்னலைச் சாத்தி, ஏசி போட்டுக்கொண்டு வாழப்போகிறீர்களா? மேற்கு ஜன்னலை எந்தப் பீரோவாவது மறைத்துக்கொண்டிருந்தால் முதலில் அதை நகர்த்துங்கள்.

தூணுக்கு வருகிறேன். காரைக்குடிப் பக்கத்துத் தூண்கள் அழகானவை, மறுக்கவில்லை. அந்தப் பக்கத்து நகரத்தார் வணிகர்கள் கடல் கடந்து போய்ப் பிழைத்து, பர்மாவிலிருந்து தேக்கைக் கொண்டுவந்து கட்டிய வீடுகள் அவை. முற்றத்துக் கூரையைத் தாங்குவதற்காக நட்ட மரம் அது. கான்கிரீட் போட்ட உங்கள் வீட்டில் அது எதைத் தாங்கும்? யாருடைய வீட்டையோ இடித்த இடத்திலிருந்து வரும் மரத்தை நடுவீட்டில் நிறுத்திவிட்டு, 'எங்கள் வீடு என்று தெரிய வேண்டும்' என்கிறீர்கள். நம் பக்கத்துக் குடியானவன் தூணில் பெருமை காட்டியதில்லை. வீட்டுக்கு வந்தவர்களைக் கட்டுத்தரைக்குக் கூட்டிப்போய் மாடுகளைக் காட்டினான். உட்காரப் பவானி ஜமக்காளத்தை உதறி விரித்தான். நம் ஊர் அடையாளம் கண்ணில் பட வேண்டும் என்றால் பவானிக்கே போய் ஒரு ஜமக்காளம் வாங்கி வாருங்கள். கைத்தறியில் நெய்ததுதானா என்று கேட்டு வாங்குங்கள். விசைத்தறிப் போலிகள் நிறைய வந்துவிட்டன.

இவை எல்லாவற்றையும் நீங்கள் என் பேச்சைக் கேட்காமல் செய்தாலும் பொறுத்துக்கொள்வேன். தரை விஷயத்தில் மட்டும் கேளுங்கள்.

1979 வரை காங்கேயத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து வீட்டுக்குச் சாணம் மெழுகிய மண்தரைதான். அந்தச் சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் அப்பா ஒரு சோடி மயிலைக் காளைகளை விற்றார். அந்தப் பணம் மொசைக் தரையாக மாறியது. பிற்பாடு யாராவது கட்டிலையோ பெட்டியையோ தரையில் இழுத்தால், "ஒரு சோடி மாடு அது" என்று அம்மா அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பார்.

நம் வீடுகளில் இருக்கும் மொசைக், கடையில் பெட்டியாக வாங்கி ஒட்டிய பொருள் இல்லை, அம்மிணி. சலவைக்கல் சில்லுகளையும் வெள்ளைச் சிமெண்டையும் நிறப்பொடியையும் உங்கள் வீட்டிலேயே குழைத்து, உங்கள் வீட்டிலேயே ஊற்றியது. சிமெண்ட் இறுகும்போது விரிசல் கண்டபடி ஓடாமல் இருக்கத்தான் கண்ணாடிப் பட்டைகளை வைத்துக் கட்டம் கட்டமாகப் பிரித்தார்கள். எங்கள் வீட்டில் ஒரு வாரம் தண்ணீர் கட்டி வைத்தார்கள். பிறகு மெஷின் வந்தது. முதலில் 60ஆம் நம்பர் கல்லை மாட்டி முரடாகத் தேய்த்தார்கள். மேலே தெரிந்த பொத்தல்களை அதே நிறச் சிமெண்டால் அடைத்தார்கள். அடுத்து 120, கடைசியாக 320. மூன்று நாள் வீட்டில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கவில்லை. அரைத்த பச்சைக் குழம்பு வாசல் வழியாக இறங்கிக் கட்டுத்தரை வரைக்கும் ஓடியது. மாடுகள் அதை மோந்து பார்த்துவிட்டுத் தலையை உதறின.

தரை ஊற்றுவதற்கு முன், ஆசாரத்தின், அதாவது கூடத்தின், நடுவில் என்ன போடுவது என்று மேஸ்திரி கேட்டார். அக்கம்பக்கத்து வீடுகளில் தாமரையோ நட்சத்திரமோ இருந்தன. அம்மா தாயக்கட்டம் கேட்டார். மத்தியானம் வேலை ஓய்ந்த பெண்கள் மண்தரையில் கரிக்கட்டியால் கட்டம் கிழித்து ஆடுவதும், சாயங்காலம் மெழுகும்போது அது அழிவதும் வழக்கம். இனி அழிய வேண்டாம் என்று அம்மா நினைத்திருக்கிறார். மேஸ்திரி ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு கறுப்புச் சில்லுகளைத் தனியாகப் பொறுக்கி எடுத்துக் கட்டத்தை அமைத்துக் கொடுத்தார். வேறு எந்த வீட்டிலும் இல்லாத தரை அது. எந்தப் புத்தகத்தையும் பார்த்து அம்மா அதைக் கேட்கவில்லை.

2005இல் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் வந்தது. சம்பந்தி வீட்டார் வரும்போது தரை பழசாகத் தெரிகிறது என்று எனக்குப் பட்டது. வேறு யாரும் சொல்லவில்லை, எனக்குத்தான் பட்டது. உங்களுக்குச் சொன்னதைப் போலவே எனக்கும் சொன்னார்கள்: மேலேயே ஒட்டிவிடலாம், பழைய தரை கீழே பத்திரமாக இருக்கும், எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அம்மாவிடம் கேட்டேன். "உனக்குச் சரியென்றால் சரி" என்றார். அந்தப் பதிலின் பொருளைப் புரிந்துகொள்ளும் வயது எனக்கு எப்போதோ வந்திருந்தது. புரிந்துகொள்ள விரும்பவில்லை.

பளபளவென்று இருக்கும் மொசைக்கின் மேல் சிமெண்ட் கலவை பிடிக்காது. பிடிமானம் கிடைக்கத் தரை முழுக்கக் கொத்த வேண்டும். கொத்தினார்கள். 'பத்திரமாக இருக்கும்' என்றவர்கள் இதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கலவையும் கல்லும் சேர்ந்து தரை ஒன்றரை அங்குலம் உயர்ந்தது. கதவுகளை எல்லாம் அடியில் அறுத்தார்கள். வீட்டுக்குள் தரை உயர்ந்தது, பின்வாசல் படி இருந்த இடத்திலேயே இருந்தது. இறங்குகிற ஆழம் ஒன்றரை அங்குலம் கூடிவிட்டது.

அம்மாவின் கால் இருபத்தாறு வருடமாக அந்தப் படியில் இறங்கியிருக்கிறது. விடிவதற்கு முன் இருட்டிலேயே எழுந்து, விளக்குப் போடாமல், பால் கறக்கப் போகிறவர். கல்யாணம் முடிந்த நாலாம் நாள் அந்தப் படியில் தடுமாறி விழுந்தார். மணிக்கட்டு வீங்கியதோடு போயிற்று. ஆனால் அன்றிலிருந்து கதவு நிலையைப் பிடிக்காமல் அவர் அந்த வாசலைத் தாண்டியதே இல்லை. தன் வீட்டில், தன் படியில். 2013இல் அவர் போய்ச் சேரும்வரை அப்படித்தான். நிலையில் அவர் பிடித்த இடத்தில் பெயிண்ட் தேய்ந்து மரம் தெரிகிறது. ஆள் வைத்துப் பெயிண்ட் அடிக்கும்போதெல்லாம் அந்த ஒரு முழத்தை விட்டுவிடச் சொல்லி நான் பக்கத்திலேயே நிற்கிறேன்.

சமையலறையில் டைல்ஸ் பெயர்ந்த அன்று மத்தியானம், ஆசாரத்தின் நடுவில் தட்டிப் பார்த்து இன்னொன்றையும் எடுத்தேன். தாயக்கட்டத்தின் ஒரு மூலை இருந்தது. பச்சை அப்படியே பச்சை, கறுப்பு அப்படியே கறுப்பு. கட்டத்தின் குறுக்கே இரண்டு ஆழமான கொத்து.

உங்கள் வீட்டுத் தரையில் இன்னும் யாரும் உளி வைக்கவில்லை. அது மங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அதே மெஷின், அதே கல், அதே வரிசையில் மறுபடி தேய்த்தால் 1986இல் இருந்த பளபளப்பு திரும்பும். விரிசலை அதே நிறத்தில் அடைக்கலாம். மேலே அச்சடித்து வரும் டைல்ஸை இப்படித் தேய்க்க முடியுமா? தேய்த்தால் படம் போய்விடும். குளியலறைக்கு உங்களிடம் விற்கப் பார்க்கும் டெராசோ என்ன தெரியுமா? வெனிஸ் நகரத்தில் சலவைக்கல் வேலையில் மிஞ்சிய சில்லுகளைப் பதித்துப் போட்ட தரைக்குப் பெயர் அது. உங்கள் ஹாலில் கிடப்பதும் அதுதான். உண்மையானதைக் கொத்திவிட்டு அதன் படத்தைக் காசு கொடுத்து வாங்கச் சொல்கிறார்கள். இதைக் கேட்டு எனக்கு வந்த கோபம் இந்தக் கடிதம் முடிகிற வரைக்கும் தணியவில்லை.

உங்கள் அம்மாவிடம் என்னைச் சொல்லச் சொல்கிறீர்கள். சொல்ல மாட்டேன். அவர் ஏன் தொட விடமாட்டேன் என்கிறார் என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். வாயால் கேட்டால், "உங்கள் இஷ்டம்" என்றுதான் பதில் வரும். ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு அங்கே போய் இருங்கள். விடிகாலையில் வாசல் தெளிக்க எழுந்து போகும்போது எங்கே கை வைக்கிறார், எங்கே பார்க்காமலே கால் தூக்குகிறார், மத்தியானம் வெயில் ஏறிய பிறகு எந்த அறையில் தரையில் சாய்கிறார் என்று பாருங்கள். அந்த இடங்களை ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றைத் தவிர எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

மொசைக் பாலிஷ் போடுகிறவர்கள் இப்போது குறைவு. எங்கள் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார், வயதானவர், மெஷினைக் கொண்டு உடுமலைக்கு வர ஒப்புக்கொண்டிருக்கிறார். அவருடைய எண்ணைத் தனியாக அனுப்புகிறேன். மார்கழிக்கு முன்பே கூப்பிட்டுவிடுங்கள்.