'ரோம்' தொடரில் வரும் வொரேனஸும் புல்லோவும் நிஜமாகவே வாழ்ந்தவர்களா?

பெயர்கள் நிஜம், கதை பெரும்பாலும் கற்பனை. 2005 முதல் 2007 வரை இரண்டு சீசனாக எச்பிஓ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த தொடர் அது. இந்த இருவரையும் ரோமானியத் தளபதி ஜூலியஸ் சீசரே, கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டில் நடத்திய போர் பற்றிய தன் குறிப்புகளின் ஐந்தாம் நூலில் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்.

கி.மு. 54-இல் அந்த நாட்டின் நெர்வி இனத்தார் ஒரு ரோமானிய முகாமை முற்றுகையிட்டிருந்தார்கள். உள்ளே இருந்த இந்த இருவருக்கும் பதவி உயர்வில் வருடக்கணக்கான போட்டி. சண்டை உச்சத்தில் இருக்கும்போது, "என்ன தயங்குகிறாய் வொரேனஸ்?" என்கிற மாதிரி கேட்டுவிட்டு புல்லோ அரணைத் தாண்டி வெளியே பாய்கிறான். எதிரி எறிந்த ஈட்டி அவன் கேடயத்தைத் துளைத்து இடைவாரில் குத்தி நிற்கிறது. உறை விலகிப்போனதால் வாளை உருவ முடியவில்லை. அப்போது ஓடிவந்து காப்பாற்றுவது யார்? அதே போட்டிக்காரன் வொரேனஸ்தான்! அப்புறம் அவன் ஒரு பள்ளத்தில் தடுக்கி விழ, இப்போது புல்லோ அவனைக் காப்பாற்றுகிறான். இரண்டு பேரும் உயிரோடு திரும்பினார்கள். இவர்களில் யார் பெரிய வீரன் என்று சொல்லவே முடியவில்லை என்கிறார் சீசர்.

தொடரில் புல்லோ சாதாரணப் படைவீரன். சீசர் எழுதியதில் இருவருமே செஞ்சூரியன்கள், அதாவது நூற்றுவர் தலைவர்கள். தொடரில் புல்லோவுக்கும் எகிப்து அரசி கிளியோபாட்ராவுக்கும் நடக்கும் விவகாரமெல்லாம் திரைக்கதையாசிரியர் கைவண்ணம். எனக்கென்னவோ அந்த ஈட்டிக் காட்சியை அப்படியே எடுத்திருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.