கை மரப்பதைவிடக் கை தளர்வதுதான் கவலை

கேள்வி: வயது 31, எடை 54 கிலோ. மலையகத் தேயிலைத் தோட்டங்கள் வழியாகப் போகும் பெக்கோ ட்ரெயில் நடைபாதையில் கண்டி ஹந்தானையிலிருந்து 17 கிலோ பையுடன் நடந்தேன். மூன்றாம் நாளிலிருந்து இடது கை மரத்துப்போகிறது. பையில்லாமல் ஏறினால் மரப்பதில்லை. இணையத்தில் மாரடைப்பு என்று போட்டிருக்கிறது. டைக்ளோபினாக் என்ற வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு நடந்தேன், பாரம் குறையத் தண்ணீரைப் பாதியாக்கினேன். கால் நகம் கறுத்துவிட்டது. அட்டை கடித்த இடம் நெடுநேரம் கசிந்தது. வீட்டுக்கு வந்து நான்கு நாளாகியும் இடது கையை உயர்த்தித் தலை வார முடியவில்லை. மீண்டும் போகலாமா?
– வாசகி, ஹற்றன்

பதில்: தலை வார முடியவில்லை என்பதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும், தங்கச்சி. மாரடைப்புப் பயத்தில் அதைக் கடைசியில் தள்ளிவிட்டீர்கள்.

பை ஏறினால் மட்டும் மரத்து, பையில்லாமல் அதே ஏற்றத்தில் மரக்காத கைக்கு இதயம் காரணமாக இருப்பது அரிது. நெஞ்சு இறுகி வியர்த்தால் இணையத்தைத் திறக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புகள் காறை எலும்புக்குக் கீழாக இறங்குகின்றன. பையின் தோள்வார் அழுத்துவது அந்த இடத்தைத்தான். சிறிது நேரம் அழுத்தினால் மரக்கும், இறக்கினால் விட்டுவிடும். நாள்கணக்கில் அழுத்தினால் நரம்பே அடிபட்டுத் தசை தளரும். பெரும்பாலும் வலி இருக்காது. அதனால்தான் பலர் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். இன்றே இரு உள்ளங்கைகளையும் சுவரில் ஊன்றித் தள்ளுங்கள், வீட்டில் ஒருவரை முதுகைப் பார்க்கச் சொல்லுங்கள். இடது தோள்பட்டை எலும்பு மட்டும் இறக்கைபோலத் துருத்துகிறதா? அது நரம்பு அடிபட்டதன் அடையாளம். துருத்தாவிட்டாலும், கையில் பலம் குறைந்திருந்தால் இந்த வாரமே வைத்தியரிடம் காட்டி, கண்டி தேசிய வைத்தியசாலையின் நரம்பியல் கிளினிக்குக்குக் கடிதம் வாங்குங்கள். சுமையை நிறுத்தினால் பெரும்பாலானோருக்குப் பலம் திரும்பும், ஆனால் வாரங்களல்ல, மாதங்களும் ஆகலாம். சுமந்துகொண்டே இருந்தால் திரும்பாமலும் போகலாம்.

நகம் இறக்கத்தில் சப்பாத்தில் இடித்துக் கறுத்தது, தானாக வளரும். அட்டையின் உமிழ்நீர் இரத்தத்தை உறையவிடாது, அழுத்திப் பிடித்தால் போதும்.

டைக்ளோபினாக் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. வியர்த்து நீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும். நீங்களோ தண்ணீரையும் குறைத்திருக்கிறீர்கள்! பாமசியில் கேட்டால் தருகிறார்கள் என்பதற்காக விழுங்குவதா?

குறைக்க வேண்டியது வேறு. உடல் எடையில் ஐந்திலொரு பங்குக்குள் பை இருக்கட்டும். உங்களுக்கு 11 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக. அந்த 300 கிலோமீற்றர் பாதை 22 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. தங்குமிடமும் கடையும் பெரும்பாலும் கிடைக்கும் என்பதால் கூடாரம், அடுப்பு, அரிசி தேவையில்லை. ஜீன்ஸும் வேண்டாம், நனைந்தால் காயாது, கனக்கும். மழையங்கி, ஸ்வெட்டர், தண்ணீர் மூன்றும் கட்டாயம். இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் இறுக்கினால் பாரத்தின் பெரும்பங்கு அங்கே இறங்கும். தோள்வார் பையைச் சாயாமல் பிடித்தால் போதும்.

கொழுந்துக் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிச் சுமக்கும் நம் தோட்டத்துப் பெண்கள் கழுத்து வலியோடு என்னிடம் வருகிறார்கள். இறக்கி வையுங்கள் என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. உங்களிடம் சொல்ல முடியும்: கை முழுப் பலத்துக்கு வரும்வரை பையைத் தொடாதீர்கள்.