கண் திறந்திருக்கிறார், கூப்பிட்டால் பதிலில்லை: அப்பாவுக்கு நினைவு இருக்கிறதா?

கேள்வி: மூன்று மாதத்துக்கு முன் அப்பா கல்லிடைக்குறிச்சி பக்கம் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். இப்போது வீட்டில்தான் இருக்கிறார். தூங்குகிறார், முழிக்கிறார்; கூப்பிட்டால் பதில் இல்லை. ‘ஆளே உள்ளே இல்ல’ என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அப்படித்தானா?
- ஒரு மகள், அம்பாசமுத்திரம்

பதில்: பதில் சொல்லாததை மட்டும் வைத்து அந்த முடிவுக்கு வராதீர்கள்.

முழிப்பு வேறு, நினைவு வேறு. நாம்தான் ‘நினைவு தப்பிட்டு’ என்று இரண்டையும் ஒன்றாகச் சொல்லிவிடுகிறோம். கண் திறந்து மூடுவது முக்கியமாக, மூளையின் அடியிலிருக்கும் மூளைத்தண்டின் வேலை. உங்கள் முகம் தெரிந்து, ‘இது என் மகள்’ என்று உள்ளே படவேண்டுமென்றால் மூளையின் வெளி அடுக்கான மேற்பட்டையும், நடுவிலிருக்கும் தாலமஸ் என்ற பகுதியும் சேர்ந்து இயங்கவேண்டும். முழிப்பு மட்டும் திரும்பியவர்கள் உண்டு. நினைவும் திரும்பி, கைகாலுக்கு உத்தரவு போகும் வழி மட்டும் கெட்டுப்போனவர்களும் உண்டு. வெளியிலிருந்து பார்க்க இருவரும் ஒரே மாதிரிதான் கிடப்பார்கள்.

2006-இல் வெளிவந்த ஆய்வில் நரம்பு விஞ்ஞானி ஏட்ரியன் ஓவன் குழு, விபத்துக்குப் பின் ஐந்து மாதமாக எந்தப் பதிலும் தராத 23 வயதுப் பெண்ணை ஸ்கேனில் வைத்து, ‘டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள்’ என்றது. நல்ல நிலையில் இருப்பவர்களுக்கு இயங்கும் அதே பகுதி அவருக்கும் இயங்கியது. 2024-இல் வெளிவந்த பெரிய ஆய்வில், சொன்னதைச் செய்யாத 241 பேரில் 60 பேரின் மூளை இப்படி உள்ளுக்குள் பதில் தந்தது. நாலில் ஒருவர்! மீதிப் பேரிடம் அப்படி எதுவும் தென்படவில்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

மூளைக்குள் அனுபவம் என்ற ஒன்று ஏன் பிறக்கிறது என்பதற்கு இன்னும் விடை இல்லை. 25 வருடத்தில் அதன் அடையாளத்தை மூளையில் கண்டுபிடித்துவிடுவோம் என்று 1998-இல் தத்துவவாதி டேவிட் சால்மர்ஸிடம் பந்தயம் கட்டிய விஞ்ஞானி கிறிஸ்டாஃப் கோக், 2023-இல் தோல்வியை ஒத்துக்கொண்டார். ஆனால் அப்பா இருக்கிறாரா என்று தேட அந்த விடை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

முதலில், அவருக்கு முன்பே காது மந்தமா, தூக்கம் வரவைக்கும் வலிப்பு மாத்திரை ஓடுகிறதா என்று டாக்டரிடம் பேசுங்கள். அப்புறம், அவர் நன்றாக முழித்திருக்கும் நேரத்தில் சாய்த்து உட்காரவைத்து, டிவியை அணைத்துவிட்டு, ஒரு கண்ணாடியை முகத்துக்கு முன் மெதுவாக இடமும் வலமும் நகர்த்துங்கள். தன் முகத்தைக் கண் தொடர்கிறதா? வேறு எதையும்விடக் கண்ணாடியைத்தான் இவர்கள் அதிகம் தொடர்கிறார்கள். அடுத்து, வழக்கமாகக் கூப்பிடுவது போலவே, “எப்பா, கட்டைவிரலத் தூக்குங்க” என்று சொல்லிப் பத்து விநாடி பொறுங்கள். கையைப் பிடிக்கச் சொல்லாதீர்கள். உள்ளங்கையில் ஏதாவது பட்டாலே இவர்களுக்கு விரல் தானாக மூடிக்கொள்ளலாம். சொல்லாதபோதும் விரல் அசைகிறதா என்று கவனியுங்கள், இல்லாவிட்டால் நாமே ஏமாந்துபோவோம்.

ஒருநாள் பார்த்துவிட்டு விடக்கூடாது. இவர்களுக்கு நினைவு ஒரு நேரம் இருக்கும், இன்னொரு நேரம் மங்கும். பெல்ஜியத்தில் நடந்து 2009-இல் வெளிவந்த ஆய்வில், நினைவே இல்லை என்று டாக்டர்கள் ஒருமனதாகச் சொன்ன 44 பேரை CRS-R என்ற முறையான அளவுகோலால் சோதித்தபோது, 18 பேருக்குக் கொஞ்சமாவது நினைவு இருந்தது. பல நாள் போனில் வீடியோ எடுத்து, பாளையங்கோட்டையிலோ மதுரையிலோ ஒரு நரம்பியல் டாக்டரிடம் காட்டி, அதே அளவுகோலால் சோதிக்கச் சொல்லுங்கள்.

யார் பார்க்க வந்தாலும் கட்டிலருகே ‘ஆள் இல்ல’ என்று பேசவிடாதீர்கள். அந்தப் பேச்சைத் திண்ணையில் வைத்துக்கொள்ளட்டும்.