மருத்துவர் பதில்: பதற்றக் கோளாறு உள்ள மகன் மின்சிகரெட் பக்கம் போகாமல் எப்படித் தடுப்பது?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது, உயர்நிலை மூன்றில் படிக்கிறான். பள்ளி ஆலோசகர் சொல்லி மனநல மருத்துவரிடம் காட்டினோம். பதற்றக் கோளாறு, கொஞ்சம் மனச்சோர்வும் உண்டு என்றார்கள். இரண்டு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறான். போன வாரம் அவன் வகுப்புப் பையன் ஒருவன் பள்ளிக் கழிவறையில் மின்சிகரெட்டோடு பிடிபட்டான். என் மகன், தான் தொட்டதில்லை என்கிறான். என் கணவர் தினமும் அவன் பையையும் போனையும் சோதிக்கிறார். சிறுநீர்ச் சோதனைக் கருவி வாங்கலாமா என்று கேட்கிறார். மாத்திரையே பழக்கமாகிவிடும், நிறுத்திவிடு என்கிறார் மாமியார். நாங்கள் என்ன செய்வது?
– ஒரு தாய், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: மாத்திரையிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் அவசரம். நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்த வயதில் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் பொதுவாகக் கொடுக்கப்படும் ஃபுளுவாக்ஸெட்டின், செர்ட்ராலின் போன்றவை போதை தரும் மருந்துகள் அல்ல. அவை நன்றாக வேலை செய்யத் தொடங்கவே நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். திடீரென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக்கேடு வரலாம், பழைய பதற்றமும் திரும்பலாம். பழக்கமாகக்கூடிய மாத்திரைகளும் இருக்கின்றன, லோராசெபாம் வகையைச் சேர்ந்தவை. மகனுக்குக் கொடுத்திருப்பது எது என்று அட்டையில் பெயரைப் பார்த்து மருத்துவரிடமே கேளுங்கள். மாமியாரையும் ஒருமுறை கூட அழைத்துப் போனால் நல்லது. வீட்டில் ஒருவர் நம்பாத மருந்தைப் பிள்ளை ஒழுங்காகச் சாப்பிட மாட்டான்.

உங்கள் மாமியார் பயப்படுவது போதைக்குத்தான். ஆனால் அந்த ஆபத்து சிகிச்சை பெறாத பதற்றத்தில்தான் அதிகம். இரவெல்லாம் தூக்கமில்லை, வகுப்பில் நெஞ்சு படபடக்கிறது, யாரிடமும் சொல்ல முடியவில்லை. அப்போது ஒருவன் ‘இதை ஒரு இழுப்பு இழு, சரியாயிடும்’ என்று நீட்டுகிறான். மின்சிகரெட்டில் உள்ள நிக்கோட்டின் சில நொடிகளில் மூளைக்குப் போய்விடும், கொஞ்ச நேரம் நிம்மதி போலவே இருக்கும். பழகிய பிறகு அது குறையும்போதெல்லாம் படபடப்பும் எரிச்சலும் வரும். அதையும் தன் நோய் என்றே பையன் நினைப்பான், மறுபடி இழுப்பான். மின்சிகரெட்டைத்தான் பிள்ளைகள் வேப் என்கிறார்கள். ‘வேப் அடிச்சா டென்ஷன் போகுது டாக்டர்’ என்று சொல்லும் பிள்ளைகள் பொய் சொல்வதில்லை. வேப்பே உண்டாக்கிய டென்ஷன்தான் அதில் பாதி என்பது அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

கேபாட் எனப்படும், போதைப்பொருள் கலந்த மின்சிகரெட்டுகள் இதைவிட மோசம். அவற்றில் இருக்கும் எட்டோமிடேட், அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளியை மயக்க நாங்கள் ஊசியில் போடும் மருந்து. உடல் நெருக்கடியைச் சமாளிக்கத் தேவையான கார்ட்டிசோல் என்ற ஹார்மோனின் சுரப்பை அது தடுக்கும். 2025 செப்டம்பர் 1-ல் சிங்கப்பூரில் அது ‘சி’ வகைப் போதைப்பொருள் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சாதாரண மின்சிகரெட்டை வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் 2018 முதலே குற்றம். இதை மகனிடம் மிரட்டலாகச் சொல்லாமல் தகவலாகச் சொல்லுங்கள்.

இனி உங்கள் கணவர் விஷயம். அவருடைய அக்கறை புரிகிறது. ஆனால் தினசரிச் சோதனை அவர் நினைக்கும் பலனைத் தராது. ஸ்வீடனில் ஸ்டாட்டின், கெர் என்ற இரு ஆய்வாளர்கள் 14 வயதுப் பிள்ளைகளையும் பெற்றோரையும் ஆராய்ந்து 2000-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிள்ளை எங்கே போகிறான், யாரோடு இருக்கிறான் என்பது பெற்றோருக்குத் தெரிந்திருந்தால் பிள்ளை தவறான வழிக்குப் போவது குறைவு என்பது பழைய செய்தி. அந்தத் தகவல் பெற்றோருக்கு எப்படிக் கிடைத்தது என்று இவர்கள் பார்த்தார்கள். கண்காணித்ததால் கிடைத்தது குறைவு. பெரும்பகுதி பிள்ளை தானாக வந்து சொன்னது. ஆகவே உங்கள் வீட்டில் காப்பாற்ற வேண்டியது, மகன் உங்களிடம் வந்து சொல்லும் அந்தப் பழக்கத்தைத்தான். தினமும் பையைக் கொட்டிப் பார்த்தால் முதலில் போவது அதுதான். பொருளை எங்கே ஒளிப்பது என்பது 15 வயதுப் பையனுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

ஒரு மாலை அவன் காலணியைக் கழற்றிக்கொண்டே, ‘அம்மா, இன்னைக்கு ஒருத்தன் என்கிட்ட வேப் நீட்டினான்’ என்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் வாயில் முதலில் வருவது என்ன? ‘யாருடா அவன்? அவன்கூடச் சேராதேன்னு சொன்னேன்ல? இரு, அப்பா வரட்டும்!’ பையன் அறைக்குள் போய்விடுவான். அடுத்த முறை நீட்டப்படும்போது உங்களுக்குத் தெரிய வராது. ‘சரி, நீ என்ன சொன்னே?’ என்று மட்டும் கேட்டுவிட்டுக் கொஞ்சம் சும்மா இருங்கள். கையில் இருக்கும் வேலையையும் விடாதீர்கள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தால் நறுக்கிக்கொண்டே இருங்கள். பதற்றமுள்ள பிள்ளை உங்கள் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே பேசும், நீங்கள் கலங்கினால் பாதியிலேயே நிறுத்திவிடும்.

இதற்காக எதையும் கண்டுகொள்ளாமல் விடச் சொல்லவில்லை. விதி தெளிவாக இருக்க வேண்டும்: புகை இல்லை, வேப் இல்லை, மது இல்லை. மீறினால் என்ன என்பதையும் அமைதியான ஒரு நாளில் இருவரும் சேர்ந்து சொல்லுங்கள். அப்பா ஒன்று, அம்மா ஒன்று என்று இருக்கக் கூடாது. கூடவே ஒரு வாக்கும் கொடுங்கள்: ‘எங்கே மாட்டிக்கிட்டாலும் கூப்பிடு, எந்நேரமானாலும் வந்து கூட்டிட்டு வருவேன், அன்னைக்கு ராத்திரி திட்ட மாட்டேன்.’ மறுநாள் பேசிக்கொள்ளலாம். பையைச் சோதிப்பதை உண்மையான அறிகுறி இருக்கும்போது மட்டும், அவன் எதிரிலேயே செய்யுங்கள். அவன் உயிரை மாய்த்துக்கொள்வது பற்றிப் பேசினால் மட்டும் இந்தத் தயக்கமெல்லாம் வேண்டாம், பாதுகாப்புதான் முதல்.

கணவருக்கு ஒரு மாற்று வேலை தருகிறேன். வாரம் ஒருநாள் அவரும் மகனும் மட்டும் சாப்பாட்டுக் கடைவரை நடந்து போய் ரொட்டி பரோட்டா சாப்பிட்டு வரட்டும். பள்ளி, மதிப்பெண், வேப் எதுவும் கேட்கக் கூடாது. எதிரில் உட்கார்ந்து கேட்டால் வாய் திறக்காத பையன்கள் பக்கத்தில் நடக்கும்போது பேசுகிறார்கள்.

நம் குடும்பங்களில் இன்னொன்று உண்டு. பிறந்தநாள், தீபாவளி என்று கூடும்போது மாமாவோ சித்தப்பாவோ கிளாஸை நீட்டி, ‘ஆம்பளப் பிள்ளதானே, ஒரு மடக்கு குடி’ என்பார். வீட்டிலேயே பழகினால் அளவோடு குடிப்பான் என்று ஒரு நம்பிக்கையும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2018-ல் வெளியான ஆய்வில், பெற்றோரே மது கொடுத்ததால் எந்த நன்மையும் தெரியவில்லை, தீமைதான் கூடியது. மகனைத் தடுப்பதைவிட மாமாவைத் தடுப்பது கஷ்டம், எனக்கும் தெரியும். இருந்தாலும் உங்கள் கணவர்தான் அதைச் சொல்ல வேண்டும். பாட்டியின் தூக்க மாத்திரை, பழைய இருமல் மருந்து எல்லாவற்றையும் பூட்டி வையுங்கள். மகனின் மாத்திரையையும் நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

குடும்பத்தை வைத்துச் செய்யும் தடுப்புப் பயிற்சிகளில் பெயர் பெற்ற ஒன்று அமெரிக்காவின் ஐயோவாவில் வளர்ந்தது, 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கானது. ஏழு அமர்வுகள். ஒரு மணி நேரம் பெற்றோர் தனியாக, பிள்ளைகள் தனியாக. அடுத்த ஒரு மணி நேரம் எல்லாரும் சேர்ந்து. பெற்றோருக்கும் பாடம் உண்டு என்பதுதான் இதில் முக்கியம். மகனின் அடுத்த சந்திப்புக்குக் கணவரும் வரட்டும், குடும்ப ஆலோசனை வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். உங்கள் வட்டாரக் குடும்பச் சேவை நிலையத்திலோ சிண்டா என்ற சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்திலோ தமிழில் பேசவும் வழி உண்டு. 1771 என்ற மனநல உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது.

ஒருவேளை அவன் ஏற்கெனவே தொட்டிருந்தால்? விட நினைப்பவர் தாமாக முன்வந்து உதவி கேட்டால் தண்டனை இல்லை என்று அதிகாரிகள் அறிவித்திருக்கிறார்கள். பயந்து மறைக்காமல் 1800 438 2000 என்ற, புகைப்பழக்கத்தை விட உதவும் எண்ணை அழையுங்கள். தள்ளாடுகிறான், கைகால் வெட்டி இழுக்கிறது, எழுப்பினால் எழவில்லை என்றால் உடனே ஆம்புலன்சுக்கு 995-ஐ அழையுங்கள். என்ன இழுத்தான் என்பதை மருத்துவ உதவியாளரிடம் மறைக்காதீர்கள்.

சோதனைக் கருவி வாங்க வேண்டாம். கடையில் கிடைக்கும் சாதாரண சிறுநீர்க் கருவிகள் எட்டோமிடேட்டைக் காட்டாது. ‘ஒன்றுமில்லை’ என்று வந்தால் நீங்கள் ஏமாறலாம், தவறாக ‘இருக்கிறது’ என்று வந்தாலோ மகன் உங்களை மன்னிக்க மாட்டான். பரிசோதனை தேவை என்று தோன்றினால் அவனைப் பார்க்கும் மருத்துவர் அவனிடமே சொல்லிச் செய்வார்.